செக் ஜாவா தப்பிய கதை

சிங்கப்பூரில் நிலம் சிறிது, மக்கள் அதிகம். மரின் பரேட் அடுக்குமாடி வீடுகள் தூர்த்த கடல்மீது எழுந்தவையே.

உபின் தீவின் கிழக்கு முனை செக் ஜாவா. நீர் வற்றினால் அங்கே கடற்புல்லும் நட்சத்திர மீனும் நண்டும் வெளிப்படும். அதையும் தூர்க்கத் திட்டமிருந்தது. 2001-ஆம் ஆண்டு ஆய்வாளரும் தொண்டர்களும் சேற்றில் இறங்கி, அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்தார்கள், மக்களும் முறையிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அரசு திட்டத்தை ஒத்திவைத்தது. நிலம் வளர்ச்சிக்குத் தேவைப்படாத வரையில்தான் அந்த வாக்கு. 2007-இல் பார்வையாளருக்கு நடைபாலமும் திறந்தது.

காடழித்து ரப்பர் நட்ட தலைமுறையின் பிள்ளைகள் நாம். போன காடு திரும்பாது என்பதை அறிவோம். வீடு வேண்டும், ஆனால் அனுமதிக்கு முன்பே அங்கு வாழும் உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டும்.