கொழும்பு குதிரைப்பந்தயத் திடல் விமானத்தளம்

கொழும்பு குதிரைப்பந்தயத் திடல் விமானத்தளம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கொழும்பு நகரின் கறுவாத்தோட்டம் பகுதியிலுள்ள குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்ட தற்காலிக இராணுவ விமானத்தளம் ஆகும். 1942 ஏப்ரல் 5 ஆம் நாள் யப்பானியர் கொழும்பின் மீது நடத்திய வான் தாக்குதலின்போது, நகரைக் காத்த பிரித்தானியச் சண்டை விமானங்களில் ஒரு பகுதி இங்கிருந்தே புறப்பட்டது.

பின்னணி

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமானது. இதனால் இந்தியப் பெருங்கடலில் பிரித்தானியக் கப்பற்படைக்குக் கொழும்பு, திருகோணமலைத் துறைமுகங்கள் இன்றியமையாதவை ஆயின. மலாயாவை இழந்தபின் நேச நாடுகளுக்குத் தேவையான இறப்பரின் முக்கிய மூலமாகவும் இலங்கை விளங்கியது. கொழும்பை அண்டி இரத்மலானையில் ஏற்கனவே ஒரு விமான நிலையம் இருந்தது. எனினும், விமானங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் நிறுத்துவது ஆபத்தானது. ஆகவே, நகருக்குள்ளேயே சமதளமான திறந்த வெளியாக இருந்த குதிரைப்பந்தயத் திடல் ஓடுபாதையாக மாற்றப்பட்டது. அரச வான்படையின் 258 ஆவது படைப்பிரிவின் ஹரிக்கேன் விமானங்கள் இங்கு நிறுத்தப்பட்டன.

1942 ஏப்ரல் தாக்குதல்

ஏப்ரல் 4 ஆம் நாள், கனடிய விமானி லெனார்ட் பெர்ச்சால் ஓட்டிச்சென்ற கட்டலீனா வேவு விமானம், இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அவ்விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர்தப்பியோர் சிறைப்பிடிக்கப்பட்டனர்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 125 விமானங்கள் காலையில் கொழும்பை அடைந்தன. ராடார் எச்சரிக்கை கிடைக்காததால், இரத்மலானையின் ஹரிக்கேன்கள் எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வந்தபின்னரே எழும்ப வேண்டியிருந்தது. குதிரைப்பந்தயத் திடலில் விமானத்தளம் இருப்பதை யப்பானியர் அறிந்திருக்கவில்லை; எனவே அது தாக்கப்படவில்லை. அங்கிருந்து பீட்டர் பிளெச்சர் தலைமையில் 14 ஹரிக்கேன்கள் புறப்பட்டு, துறைமுகத்தைத் தாக்கிய குண்டுவீச்சு விமானங்கள் மீது பாய்ந்தன. ஆனால் மேலிருந்து வந்த சீரோ சண்டை விமானங்கள் அவற்றைச் சூழ்ந்துகொண்டன. ஒன்பது ஹரிக்கேன்கள் இழக்கப்பட்டன. ஐந்து விமானிகள் உயிரிழந்தனர். பிளெச்சரும் காயமுற்று, வான்குடை மூலம் குதித்துத் தப்பினார்.

துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் ஆகிய கப்பல்கள் மூழ்கின. எனினும், முந்திய நாள் கிடைத்த எச்சரிக்கையால் பல கப்பல்கள் முன்னரே வெளியேறியிருந்தன; சேதம் ஓரளவு குறைந்தது. தெற்கே கடலில் சென்றுகொண்டிருந்த கோர்ண்வால், டோர்செட்சயர் ஆகிய போர்க்கப்பல்கள் அதே நாளில் மூழ்கடிக்கப்பட்டு, 424 பேர் இறந்தனர்.

பிற்காலம்

போரின் பிற்பகுதியில் அரச கடற்படையின் வான்பிரிவும் இத்தளத்தைப் பயன்படுத்தியது. போர் முடிந்தபின் திடலில் மீண்டும் குதிரைப்பந்தயங்கள் நடைபெற்றன. 1956 இல் அவை நிறுத்தப்பட்டன. 2012 இல் இவ்விடம் புதுப்பிக்கப்பட்டு ரக்பி விளையாட்டரங்காகத் திறக்கப்பட்டது.