யாருக்கு விற்பது?

தோழர்களே, 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மேலூரிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பேருந்தில் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். அன்று அவர்கள் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனது, எரிக்கப்பட்ட தலித் வீடுகளுக்கு இழப்பீடு கேட்க. வீடு நமக்கு வெறும் சொத்தல்ல.

அதை விற்பதும் அப்படித்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் 10 ஆண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பிறகும் பஞ்சமருக்கே விற்கலாம். மீறிய கிரயம் செல்லாது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை வீட்டுமனைப் பட்டாவும் நிபந்தனையோடுதான் வருகிறது.

"நம் சொத்தை விற்க நமக்கே தடையா?" என்று நம் பிள்ளைகள் கேட்பது நியாயம். வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும்.

ஆனால் இங்கிலாந்தைப் பாருங்கள். 1980 சட்டப்படி, குடியிருந்தோர் நகராட்சி வீடுகளைத் தள்ளுபடி விலையில் வாங்கினார்கள். தேசியப் பூங்காப் பகுதிகளில், அவ்வட்டாரத்தாருக்கே மறுபடி விற்கவேண்டும் என நிபந்தனை விதிக்க முடிந்தது. அதை யாரும் இழிவாக எண்ணவில்லை. அந்தக் காப்பு இல்லாத லண்டனில், அப்படி விற்ற வீடுகளில் பல இன்று வாடகைக்கு விடும் தனியார் கையில்.

பஞ்சமி நிலம் பறிபோனது நிபந்தனையால் அல்ல. கடன்பட்டவர் கைநாட்டு வைத்தபோது நிபந்தனையை அதிகாரிகள் காக்காததால். எனவே நிபந்தனையை நீக்கச் சொல்லவேண்டாம். விற்க நேர்ந்தால் அரசே நியாய விலைக்கு வாங்கி, வீடற்ற இன்னொரு தலித் குடும்பத்துக்குத் தரவேண்டும் என்று கேட்போம்.