ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே: சக்தி கச்சேரியும் எங்க ஊர்ப் பறையும்

எங்கள் பக்கம் ராக் என்றால் சுண்ணாம்புக்கல்தான். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள், பெரம்பலூர் பக்கம் காரை ஓடைகளில் கிடக்கும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள், சாத்தனூரில் கல்லாகிப்போன மரம். இதுவரை எழுதிய குறிப்புகளில் பாதி இந்தக் கற்களைப் பற்றித்தான். இந்தத் தடவை வேற ராக். ஆனா சுத்தி வந்து நம்ம ஊர்லதான் முடியும், கொஞ்சம் பொறுங்க.

2023 ஜனவரியில் பெங்களூரில் சக்தி குழுவின் கச்சேரிக்குப் போயிருந்தேன். குழு தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆவதையொட்டிய சுற்றுப்பயணம். கிடாரில் ஜான் மெக்லாக்லின், தபலாவில் ஜாகிர் ஹுசைன், பாட்டுக்கு சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவில் வி. செல்வகணேஷ். மெக்லாக்லினுக்கு அப்போது 81 வயது, ஜாகிருக்கு 71. டிக்கெட் விலையைப் பார்த்து வீட்டில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "இவங்களை இனி எப்போ பார்க்கப் போறோம்" என்று சொல்லி வாங்கினேன். சும்மா சொன்ன காரணம்தான். அடுத்த ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி ஜாகிர் போய்விட்டார்.

ஒற்றைப்படைக் கணக்கு

எழுபதுகளின் புரோகிரசிவ் ராக் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சாதாரண ராக் பாட்டு நாலு நாலாக எண்ணும். கால் தானாக ஆடும், யோசிக்க வேண்டாம். இந்தக் கூட்டத்துக்கு அது போதவில்லை. பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாட்டு ஏழு அடியில் நடக்கிறது. யெஸ், கிங் கிரிம்சன் இரண்டு குழுக்களிலும் டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்டு எங்கே அடிப்பார், எங்கே விடுவார் என்று தேடியே எங்கள் ஹாஸ்டல் அறையில் பல ராத்திரிகள் போயின. பொறியியல் படித்த ஆண்டுகளில் பாடத்தை விட இதைத்தான் கவனமாக எண்ணினேன்.

அப்போது அறைத் தோழன் ஒருவன் கொண்டுவந்த கேசட்டில்தான் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை முதலில் கேட்டேன். மெக்லாக்லின் 1971-இல் தொடங்கிய குழு. டிரம்ஸில் பனாமாவில் பிறந்த பில்லி கோபம். ஜாஸும் ராக்கும் கலந்த இசை, காது கிழியும் சத்தம், அதற்குள் ஒன்பது, பத்து என்று விசித்திரமான எண்ணிக்கைகள். இந்தக் கணக்கெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

விடை பின்னால் படித்தபோது கிடைத்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாக்லின் வீணை கற்றார். 1973 இறுதியில் மகாவிஷ்ணுவின் முதல் அணி கலைந்தது. மின்சார கிடாரின் உச்சத்தில் இருந்த மனிதர், அதை வைத்துவிட்டு மரக் கிடாரோடு தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வயலினோடு எல். சங்கர், தபலாவோடு ஜாகிர் ஹுசைன், கடத்தோடு விக்கு விநாயக்ராம். 1975 ஜூலையில் நியூயார்க் அருகே சவுத்ஹாம்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவானது சக்தியின் முதல் ஆல்பம். ஆக, 'பிராக்' ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கணக்குகளுக்குப் பின்னால் நம் தாளப் பாடத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கணக்கு என்று சொல்கிறேனே, அதைக் காட்டிவிடுகிறேன். மூன்றுக்கு 'தகிட'. நாலுக்கு 'தகதிமி'. ஐந்துக்கு 'தகதகிட'. ஏழுக்கு 'தகிட தகதிமி'. ஒன்பதுக்கு 'தகதிமி தகதகிட'. ஆதி தாளம் எட்டு அடி. அதன் மேல் ஏழு அடிச் சொல்லை ஓடவிட்டால் இரண்டும் விலகிக்கொண்டே போகும். 56 அடி முடிந்த பிறகுதான் மறுபடி ஒரே புள்ளியில் தொடங்கும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான், வேறொன்றுமில்லை.

தீர்மானம் இன்னும் அழகு. ஒரு அடிக்கு நாலு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஐந்து மாத்திரைச் சொல் ஒன்றை மூன்று தடவை வாசித்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை விடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5+2+5+2+5, மொத்தம் 19. முடிவு சரியாக அடுத்த ஆவர்த்தனத்தின் வாசலில் வந்து நிற்கவேண்டும் என்றால் 13 மாத்திரை கழித்துத் தொடங்கவேண்டும். நான் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். வாசிப்பவர்கள் பேசிக்கொண்டே போடுவார்கள்.

அன்று மேடையில் ஜாகிரும் செல்வகணேஷும் மாறி மாறி வாசித்த நேரத்தில் அரங்கம் முழுக்க விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. நானும்தான். மூன்றாவது சுற்றில் தொலைத்துவிட்டேன். தொலைத்த பிறகு இன்னும் நன்றாக இருந்தது.

விளக்குப் பிடித்தவர்

செல்வகணேஷ் இடையிடையே கஞ்சிராவின் உட்பக்கம் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார். தோல் நனைந்தால் சுருதி இறங்கும், அந்தக் கும்கி நாதம் வரும். ஒரு சாண் அகல வாத்தியம், பலாக்கட்டைச் சட்டம், உடும்புத் தோல். அது அந்த மேடைக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை.

பஜனையிலும் தெருப்பாட்டிலும் இருந்த இந்தச் சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. காலம் 1859 முதல் 1922 வரை. அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர், மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார் என்று சொல்வார்கள். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை வழியாகப் புதுக்கோட்டைப் பாணி என்றே ஒன்று நிலைத்தது. தவில் கொட்டகையில் பிறந்த கணக்கு கஞ்சிராவுக்குள் போய், அங்கிருந்து மெக்லாக்லின் பக்கத்தில் உட்கார்ந்தது.

கடத்தின் கதையும் அப்படித்தான். மானாமதுரை மண்ணில் சுட்ட பானை. கச்சேரியில் அது உபபக்கவாத்தியம், அதாவது பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில் நிற்பது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுத்த நேரம்தான் அதன் நேரம். 1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடியபோது கடம் வாசித்த விநாயக்ராம், பத்தாண்டுக்குள் சக்தியில் முன்வரிசையில் இருந்தார். பிறகு ராக் டிரம்மர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் அவரும் ஜாகிரும் வாசித்தார்கள். அதற்கு கிராமி கிடைத்தது. செல்வகணேஷ் அவர் மகன். 2024 பிப்ரவரியில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' ஆல்பமும் கிராமி வாங்கியது.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது பெருமையாகத்தான் இருந்தது. நம்ம ஊர்ச் சரக்கு என்ற பெருமை.

வாசலுக்கு வெளியே

அதே ஆண்டு மே மாதம் பெரியப்பா தவறிவிட்டார். பெரம்பலூர் பக்கம் எங்கள் பூர்வீகக் கிராமம். ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், நாலு பேர். தோல் சூடானால் இறுகும், சத்தம் கணீரென்று வரும். பெங்களூரில் ஒருவர் தண்ணீர் தடவினார், இங்கே ஒருவர் தீயில் காட்டுகிறார். தோலோடு பேசுகிற வேலை ஒன்றுதான்.

சின்ன வயதில் எத்தனையோ சாவுக்கு இந்தச் சத்தம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனால் உடுக்கைச் சத்தம், சாவு வீட்டில் பறை, கல்யாணத்தில் தவில். எதையும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்றுதான் பழக்க தோஷத்தில் விரல் எண்ண ஆரம்பித்தது. வலது கை அடிக்குச்சி நாலு நாலாக நடக்க, இடது கை சிம்புக்குச்சி அதன் குறுக்கே ஏழு ஏழாக இழைகிறது. முடிக்கும்போது ஒரே சொல் மூன்று தடவை. ஹாஸ்டலில் பிடிபடாமல் போன "எங்கேயோ கேட்ட" இடம் இதுதான்.

நாலு பேரில் மூத்தவருக்கு எழுபது இருக்கும். அவர் என்னை 'சாமி' என்றார். எங்கள் தெருவில் பத்து வயதுப் பையன் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், யாருக்கும் அது உறுத்தவில்லை. டீ எல்லாருக்கும் வந்தது, அவர்களுக்குத் தனியாகக் காகித டம்ளரில் வாசலுக்கு வெளியே போனது. நாலு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த கூலி, நான் ஜனவரியில் வாங்கிய ஒற்றை டிக்கெட்டை விடக் குறைவு. என் பெருமை அந்த இடத்தில் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தது.

இது இன்றைய நிலை மட்டும் இல்லை என்பதுதான் வரலாறு. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. அங்கே அது தோல்கருவிக்கான பொதுப்பெயர். அரியலூர் மாவட்டம் காமரசவல்லியில் ராஜேந்திர சோழனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கிட்டத்தட்ட 1041, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற கூத்தருக்கு ஊர்ச்சபை நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. மார்கழித் திருவாதிரைக்கு மூன்று முறை, வைகாசித் திருவாதிரைக்கு மூன்று முறை சாக்கைக்கூத்து ஆடவேண்டும். கோயிலில் கொட்டிய உவச்சர்களுக்கு உவச்சக்காணி இருந்தது. கலைஞனுக்கு நிலம், கல்லில் பெயர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும் இடத்தில், 'பறைச்சேரி'யும் 'தீண்டாச்சேரி'யும் தனித்தனியே வருகின்றன. கோயிலுக்குள் கொட்டியவனுக்குக் காணி கிடைத்த காலத்திலேயே, பறையின் பெயரால் ஒரு சேரி ஊருக்கு வெளியே இருந்திருக்கிறது. கஞ்சிரா அரண்மனை வாசலைத் தாண்டியது. பறையை நாம் தாண்டவிடவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அவர்கள் மறுபடி வந்தார்கள். வேப்பமரத்தடியில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அடியை எனக்குச் சொல்லித் தரமுடியுமா என்று கேட்டேன். நோட்டில் 'தகிட தகதிமி' என்று எழுதி, பரிசோதிக்கிற மாதிரி தொடையில் தட்டியும் காட்டினேன்.

"கணக்கெல்லாம் தெரியாது சாமி. ஆனா நீங்க தட்டுறது தப்பு."

"எங்க தப்பு?"

"மொத அடிய அடிச்சுட்டீங்க. அத அடிக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிட்டு ரெண்டாவதுல எடுக்கணும்."

தாளம் தொடங்கிய பிறகு சொல் தொடங்குவதற்குச் சாஸ்திரத்தில் அனாகத எடுப்பு என்று பெயர். இருபது வருஷமாக நிரல் எழுதுகிறேன். ஒன்றிலிருந்து எண்ணுவதா, சைபரிலிருந்து எண்ணுவதா என்று குழம்பிச் செய்த பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல. இங்கேயும் அதே பிழை.

இதையெல்லாம் பதிவு செய்து வைக்கவேண்டும், உங்கள் பையனுக்குத் தெரியுமா என்று ஆர்வமாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவன் சிமெண்டு லாரி ஓட்றான். இதத் தொடாதேன்னு நாந்தான் சொன்னேன். எங்களோட போவட்டும்."

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்வது தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஒரு உரிமைப் போராட்டமாகவே நடந்திருக்கிறது. இன்னொரு பக்கம், பறையை விடுதலையின் கருவியாகக் கையிலெடுத்து மேடையேற்றியவர்களும் இருக்கிறார்கள்; மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டுமே நியாயம். அந்த அடி அழியக்கூடாது என்பது என் ஆசை. அதைச் சுமந்ததன் விலையைக் கொடுத்தவர் அவர். என் ஆசைக்காக அவர் மகன் அதைத் தூக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை.

அவர் சம்மதித்த அளவுக்கு ஃபோனில் பதிவு செய்துகொண்டேன். ஒத்தையடி, சாமியடி, ஊர்வலம் நகரும்போது அடிப்பது, சுடுகாட்டு எல்லையில் அடிப்பது. அதற்குரிய பணத்தைக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றையும் இப்போது சொற்கட்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு அடிகள் முடிந்துவிட்டன. ஐந்தாவதில் அவர் எடுக்கும் இடம் இன்னும் பிடிபடவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நோட்டோடு அவர் வீட்டு வாசலுக்கு நான்தான் போகவேண்டும்.