வதந்தி: ஒரு சொல்லின் வரலாறு

மெய்ப்பிக்கப்படாத செய்தியைக் குறிக்க இன்று தமிழில் வழங்கும் ‘வதந்தி’ ஒரு வடசொல்லாகும். சமஸ்கிருதத்தில் ‘வதந்தி’ என்பது ‘சொல்லுகிறார்கள்’ எனப் பொருள்படும் வினைமுற்று. ‘என்ன’ எனப் பொருள்படும் ‘கிம்’ அதனோடு சேர்ந்து ‘கிம்வதந்தி’ என்னும் பெயராயிற்று. சொல்லுவோர் பலர், ஆயினும் அவர் யாவர் என்பது சுட்டப்படவில்லை. இந்தியில் வதந்தியைக் குறிக்கும் ‘அஃப்வாஹ்’ என்பதும் ‘வாய்கள்’ எனப் பொருள்படும் அரபிப் பன்மைச் சொல்லின் வழிவந்ததே.

அமரகோசம் கிம்வதந்திக்கு இணையாக ‘ஜனச்ருதி’ என்பதைத் தருகிறது. மக்களிடையே கேட்கப்படுவது என்பதே அதன் பொருள். பொய்ம்மைக் கருத்து அதில் இல்லை. பிற்காலத்தில் பொருள் இருவழிப்பட்டது. மலையாளத்தில் கிம்வதந்தி உறுதிப்படாத செய்தியைக் குறிக்க, இந்தியில் அதே சொல் வழிவழி வரும் கதையைக் குறிக்கிறது.

எனவே, தலவரலாறு கூறும் இந்தி நூலொன்றில் வரும் கிம்வதந்தியைத் தமிழில் ‘வதந்தி’ எனப் பெயர்த்தால், ஊரார் போற்றும் மரபு புரளியாகிவிடும். அங்குக் ‘கர்ணபரம்பரைக் கதை’ அல்லது ‘செவிவழிக் கதை’ என்பதே பொருந்தும். தொடரமைப்பிலும் தமிழுக்கு ஒரு வழியுண்டு. ‘முனிவர் இங்கு வந்தாராம்’ என்னுமிடத்து ‘ஆம்’ என்னும் ஈறு, செய்தியை உறுதி செய்யாமலும் மறுக்காமலும் பிறர் கூற்றாக நிறுத்துகிறது. மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டியது இந்நடுநிலையையே.