வெனிசுவேலா வால்ட்ஸ் (கிதார் இசை)

வெனிசுவேலா நாட்டார் இசையின் தாளத்தை ஏற்று, செவ்வியல் கிதாருக்கென எழுதப்பட்ட சிறு இசைப்படைப்பு வகை. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்ற படைப்புகள் அந்தோனியோ லௌரோவுடையவை (1917–1986).

வால்ட்ஸ் நடனம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வெனிசுவேலாவுக்கு வந்தது. முதலில் வசதி படைத்தோர் வீட்டுப் பியானோக்களில் ஒலித்தது. பிறகு ஊர்ப்புறக் கலைஞர்களின் கைக்கு மாறியது. அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது ஹொரோப்போ. சமவெளி மக்களின் அந்த ஆட்டத்துக்கு ஹார்ப், மராக்காஸ், குவாத்ரோ என்னும் நான்கு நரம்புச் சிறு கிதார் ஆகியவை பக்கபலம். ஹொரோப்போவின் துள்ளல் வால்ட்ஸுக்குள்ளும் புகுந்தது.

அந்தத் துள்ளலின் அடிப்படை எளிய கணக்குதான். ஒரு சுற்றில் ஆறு சிறு எண்ணிக்கைகள். இரண்டிரண்டாகக் கூட்டினால் மூன்று அடி. மும்மூன்றாகக் கூட்டினால் இரண்டு அடி. லௌரோவின் வால்ட்ஸ்களில் மேல் நரம்புகளின் மெட்டு ஒரு கணக்கிலும் கீழ் நரம்புகளின் மந்தர ஒலி மற்றொரு கணக்கிலும் போகும் இடங்கள் பல. இரண்டையும் நடத்துவது ஒரே வலக்கை. கட்டைவிரலும் மற்ற விரல்களும் தனித்தனியே தாளம் காக்க வேண்டும். மூன்று அடியை மட்டும் எண்ணி வியன்னா பாணியில் இழுத்து வாசித்தால், சுரம் ஒன்றுகூடப் பிசகாமலே இந்த இசை உயிரிழந்துவிடும்.

லௌரோ பிறந்தது ஒரினோகோ ஆற்றங்கரையிலுள்ள சியுதாத் பொலிவாரில். இத்தாலியிலிருந்து குடியேறிய தந்தை முடிதிருத்துபவர், கிதாரும் வாசித்தார். கராகாஸில் பியானோவும் வயலினும் பயின்றுகொண்டிருந்த லௌரோ, 1932இல் பராகுவே நாட்டுக் கிதார் மேதை அகுஸ்தின் பாரியோஸின் கச்சேரியைக் கேட்டபின் கிதாரையே தன் கருவியாகக் கொண்டார். ராவுல் போர்ஹெஸிடம் கிதாரும், விசென்தே எமிலியோ சோஹோவிடம் இசையமைப்பும் கற்றார். இராணுவ ஆட்சியின்போது 1951–52இல் சிறையிலிருந்தார்.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டவை 1930களின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய நான்கு வால்ட்ஸ்கள். மூன்றாவது, மகளின் பெயரால் 'நத்தாலியா' எனப்படுகிறது. செவ்வியல் கிதார் பயில்வோர் பலருக்கும் லௌரோவின் அறிமுகமே இதுதான். பிறந்த ஊரின் பழம்பெயரைத் தாங்கிய 'அங்கோஸ்துரா', மனைவிக்கான 'மரியா லூயிசா' ஆகியவை நிதானமாகக் கேட்கத் தக்கவை. அவற்றின் மெட்டுகள் பாடுவதற்கென்றே பிறந்தவை போன்றவை. 'செயிஸ் போர் தெரேச்சோ' வால்ட்ஸ் அல்ல, ஹொரோப்போவே; ஹார்ப்பின் நடையைக் கிதாரில் கொண்டுவரும் கடினமான படைப்பு. கிதாருக்கும் இசைக்குழுவுக்குமான கான்செர்ட்டோ ஒன்றையும் 1956இல் எழுதினார்.

இப்படைப்புகள் பரவியதில் கிதார் கலைஞர் அலிரியோ தியாஸின் (1923–2016) பங்கு பெரிது. போர்ஹெஸின் மாணவரான அவர், இத்தாலியின் சியனாவில் ஸ்பானியக் கிதார் மேதை அந்திரேஸ் செகோவியாவிடம் பயின்று, ஐரோப்பிய மேடைகளில் லௌரோவைத் தொடர்ந்து வாசித்தார். பின்னாளில் செவ்வியல் கிதார் கலைஞர் ஜான் வில்லியம்ஸின் ஒலிப்பதிவுகளும் துணைநின்றன. தியாஸின் பிறப்பிடத்தை அடுத்துள்ள கரோரா நகரின் பெயரிலும் லௌரோவின் வால்ட்ஸ் ஒன்று உண்டு.