வட்டப் பின்னல்: முதல் சுற்றில் கவனம் வைத்தால் தொப்பி தப்பாது

கேமரன் மலைக் குளிரில் பிறந்தாலும் நகரத்து மருத்துவமனையின் குளிரூட்டிய அறையில் பிறந்தாலும் பச்சிளங்குழந்தையின் உடல் சூட்டைக் காப்பது அவசியம். உடலோடு ஒப்பிடும்போது அதன் தலை பெரிது. ஈரத்தோடு பிறப்பதால் சூடு வேகமாகக் குறையும். அதனால்தான் பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, தலையில் தொப்பி போடுகிறார்கள். அந்தத் தொப்பியைத் தம் கையாலேயே பின்னிக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி.

சங்க காலத்தில் தலையில் சூடும் மாலைக்குக் ‘கண்ணி’ என்று பெயர். ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் இங்கே அதே சொல்லால் குறிப்பிடுகிறோம்.

திருப்பாத பின்னல்

சாதாரணப் பின்னலில் ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்புவோம். வட்டப் பின்னலில் திருப்புவதே இல்லை. சுருள்போல் மேலே ஏறிக்கொண்டே போகும். மூட்டுத் தையல் கிடையாது என்பதால் குழந்தையின் தலையில் எதுவும் உறுத்தாது. இது புதிய முறையும் அல்ல. 1400ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்டு, இன்று ஜெர்மனியின் ஹம்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஓவியத்தில், அன்னை மரியாள் ஊசிகளில் ஒரு சட்டையை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார்.

அளவும் ஊசியும்

நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 செ.மீ. வரை இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியின் சுற்றளவு 29 அல்லது 30 செ.மீ. இருந்தால் போதும். 4 மி.மீ. ஊசியில், நடுத்தரக் கனமுள்ள நூலில், 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் 64 கண்ணிக்கு 29 செ.மீ. கிடைக்கும். உங்கள் கை இறுக்கமாகி 24 கண்ணி வந்துவிட்டால் அதே 64 கண்ணி 27 செ.மீ.க்கும் குறைந்துவிடும், தொப்பி நெற்றியை அழுத்தும். ஆகவே ஒரு சிறு மாதிரியைப் பின்னி அளந்து பாருங்கள். அதையும் வட்டமாகவே பின்னுங்கள். தட்டையாகப் பின்னும்போது கையின் இறுக்கம் மாறும்.

அடுத்த தவறு ஊசியின் நீளம். 40 செ.மீ. வட்ட ஊசியில் 29 செ.மீ. தொப்பி சுற்றி எட்டாது. இரு முனையும் கூரான ஐந்து ஊசித் தொகுப்பை வாங்கலாம். அல்லது 80 செ.மீ. வட்ட ஊசியின் நடுக் கம்பியை வளைத்து வெளியே இழுத்து, கண்ணிகளை இரண்டு பாதியாகப் பிரித்துப் பின்னலாம்.

ஐந்து தவறுகள்

1. முறுக்கு: கண்ணிகள் ஊசியைச் சுற்றித் திருகியிருக்கும்போது இணைத்துவிட்டால் துணி முழுவதும் முறுக்கிக்கொள்ளும். மேசைமேல் வைத்து, எல்லாக் கண்ணிகளின் அடிவிளிம்பும் உள்பக்கம் பார்க்கிறதா என்று சரிபார்த்த பிறகே இணையுங்கள். முதல் சுற்றின் முடிவில் கண்டுபிடித்தால், சேரும் இடத்தில் உள்ள நூலில் திருப்பிச் சரிசெய்யலாம். அதைத் தாண்டிவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

2. திசை மாறுதல்: பாதியில் வைத்துவிட்டு மீண்டும் எடுக்கும்போது, பந்திலிருந்து வரும் நூல் வலக்கை ஊசியில் இருக்க வேண்டும். இடக்கையில் இருந்தால் வந்த வழியே திரும்பிப் போவீர்கள். துணியில் ஓட்டை விழும்.

3. தொடக்கம் தெரியாமை: சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூலால் ஒரு சிறு வளையம் மாட்டுங்கள்.

4. தேவையில்லாத எதிர்க்கண்ணி: தட்டைப் பின்னலில் வழவழப்பான முகப்புக்கு ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று பின்னுவோம். வட்டத்தில் எல்லாச் சுற்றும் நேர்க்கண்ணிதான். ஆனால் ஓரம் சுருளும். முதல் 3 செ.மீ. வரை 2 நேர், 2 எதிர் என்று பின்னினால் சுருளாது.

5. ஏணி: ஊசிகள் சந்திக்கும் இடத்தில் நூல் தளர்ந்து ஏணிப்படிபோல் தெரியும். ஊசி மாறியதும் இரண்டாவது கண்ணியைப் பின்னியபின் நூலைச் சற்று இழுத்து இறுக்குங்கள்.

உச்சியை மூடுதல்

ஓரத்திலிருந்து 10 செ.மீ. உயரம் வந்ததும் குறைக்கத் தொடங்கலாம். 6 கண்ணி பின்னி, அடுத்த 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். சுற்று முழுவதும் இப்படிச் செய்தால் 64 கண்ணி 56 ஆகும். ஒரு சுற்று சாதாரணமாகப் பின்னுங்கள். அடுத்து 5 பின்னி 2 சேர்த்தால் 48. இப்படியே ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்து வந்தால் 8 கண்ணி மிஞ்சும். நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எட்டு கண்ணிக்குள்ளும் விட்டு இழுத்து உள்பக்கம் முடியுங்கள்.

குழந்தைக்குக் கொடுக்கும் முன்

பொத்தான், நூல் குஞ்சம், தாடைக்கயிறு எதுவும் வேண்டாம். நூல் முனைகளை உள்ளே நன்றாகக் கோத்துவிடுங்கள். துவைத்துக் காயவைத்த பின் கொடுங்கள். மருத்துவமனைக்குத் தருவதென்றால் எந்த நூல், எந்த அளவு ஏற்பார்கள் என்று வார்டில் முன்கூட்டியே கேளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அளவு இதைவிடச் சிறியது.

ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த குழந்தையைத் தூங்க வைக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் உடல் மிகையாகச் சூடேறுவதும், தொப்பி நழுவி மூக்கை மூடுவதும் ஆபத்து.