சண்டைக்கார மீனும் சரிந்த விலையும்

மும்பையில் க்ராஃபோர்ட் மார்க்கெட், கொல்கத்தாவில் காலிஃப் தெரு, சென்னையில் கொளத்தூர் என்று எந்த ஊரில் வண்ணமீன் கடைக்குள் நுழைந்தாலும், ஒரு தொட்டியில் ஒற்றை ஆளாக ஒரு மீன் நின்று உங்களை முறைத்துக்கொண்டிருக்கும். நெற்றியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு. கண்ணாடியில் விரலை வைத்தால் பாய்ந்து வந்து முட்டும். "வாஸ்து மீன் சார், வீட்டில் காசு கொட்டும்" என்பார் கடைக்காரர். இதுதான் ஃப்ளவர்ஹார்ன். (1990களில் பிறந்த மீன் மயமதத்தில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்!)

ஒரு ஜோடி வாங்கிப்போட்டுக் குஞ்சு விற்றால் மாதாமாதம் வருமானம் என்று யாரோ சொல்ல, ஊரில் ரிட்டயர் ஆன அப்பாவின் பி.எஃப். பணத்தை இதில் போடலாமா என்று சமீபத்தில் உறவினர் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல இந்த மீனின் சரித்திரத்தையே எடுக்கவேண்டியதாகப் போயிற்று. நான் விலங்கியல் படித்தவன் இல்லை, வெறும் பி.காம். அதனால் கணக்கு வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

முதலில் இதன் குடும்பம். சிக்லிட் என்பார்கள். ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். நம் ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி மீன் இந்தக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. கேரளத்துக் கரிமீனும் இதே குடும்பம், ஆனால் மண்ணின் மைந்தன். 1790-ல் பெர்லினைச் சேர்ந்த ப்ளாக் என்ற மருத்துவர் அதற்கு சூரத் நகரத்தின் பெயரை ஒட்டி அறிவியல் பெயர் வைத்தார். 2010-ல் கேரள அரசு அதை மாநில மீனாக அறிவித்தது.

இந்தக் குடும்பத்தின் பெரிய சண்டைக்காரர்கள் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறார்கள். தொட்டிகளில் நாம் பார்க்கும் ஆஸ்கர் மீனை 1831-ல் முதலில் விவரித்தவர் லூயி அகாஸி. பிரேசிலிலிருந்து வந்த பதப்படுத்திய மீனைப் பார்த்து, கடல் மீன் என்றே எழுதிவிட்டார் அந்த மேதை. நிகராகுவா நாட்டு ஏரிகளின் மிடாஸ், ரெட் டெவில் இரண்டுக்கும் 1864-லும், ட்ரைமேக் எனப்படும் இன்னொன்றுக்கு 1867-லும் பெயர் வைத்தவர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் குந்தர். நடு அமெரிக்காவின் இன்னொரு முரட்டு மீனுக்கு, 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்ஸியின் பெயரே நிலைத்துவிட்டது. குணம் அப்படி.

ஏன் இவ்வளவு கோபம்? சிக்லிட்டுகள் பெரும்பாலும் முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பவை. ஃப்ளவர்ஹார்னின் முன்னோர்களில் அப்பா, அம்மா இரண்டுமே காவல் நிற்கும். காவலுக்கு எல்லை வேண்டும். எல்லை என்றால் சண்டைதான். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் (1973-ல் நோபல் பரிசு பெற்றவர்) 1963-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதைப்பற்றி ருசிகரமாக எழுதியிருக்கிறார். சிக்லிட் ஜோடியைத் தனியாக ஒரு தொட்டியில் விட்டால் ஆண் தன் பெண்ணையே அடித்துக் கொன்றுவிடும். அதனால் தொட்டிக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, அந்தப் பக்கம் இன்னொரு ஜோடியை விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனிடம் முறைப்பதில் கோபம் தீர்ந்து, இரண்டு குடும்பங்களும் சௌக்கியமாக இருந்தன. கண்ணாடியில் பாசி படிந்து எதிராளி மறைந்தால் மட்டும் வீட்டுக்குள் அடிதடி ஆரம்பிக்கும். பாசியைத் துடைத்தால் மறுபடி அமைதி! இந்தக் கோபக்காரர்களில் முக்கியமாக அவர் சொன்ன ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சின்ன மஞ்சள் மீன், மலையாளத்தில் பள்ளத்தி. கோபத்தைப்பற்றி லோரென்ஸ் கட்டிய கோட்பாட்டைப் பின்னால் பலர் மறுத்தார்கள். ஆனால் வீட்டில் முரட்டு மீன் வளர்ப்பவர்கள் இன்றுவரை கண்ணாடித் தடுப்பைக் கைவிடவில்லை.

இனி கலப்பின் கதை. 1986 வாக்கில் தைவானில் இரண்டு சிக்லிட் இனங்களைக் கலந்து பிளட் பேரட் என்ற மீனை உருவாக்கினார்கள். அதன் ஆண்கள் பெரும்பாலும் மலடு. 1990களில் மலேசியாவில் மிடாஸ், ரெட் டெவில், ட்ரைமேக், பிளட் பேரட் என்று பலவற்றைக் கலந்து புதிய மீனைக் கொண்டுவந்தார்கள். கலவை விகிதம் தொழில் ரகசியம். சீன மொழியில் 'ஹுவா லுவோஹான்' என்று பெயர். லுவோஹான் என்றால் பௌத்தத்தின் அர்ஹத். காட்டில் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் ஆணுக்குப் புடைக்கும் நெற்றி, இதில் நிரந்தரமாகப் புடைத்து நின்றது. பெரிய நெற்றி அதிர்ஷ்டம் என்றார்கள். உடலின் கறுப்புப் புள்ளிகளில் சீன எழுத்துகளையும் லாட்டரி எண்களையும் தேடினார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2000களின் தொடக்கத்தில் பித்துப் பிடித்தது. நல்ல நெற்றியுள்ள மீன் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. புதிது புதிதாகக் கடைகள் முளைத்தன.

இப்போது கணக்கு. ஜோடி சேர்ப்பது அப்படியொன்றும் வித்தையில்லை. நாலடித் தொட்டியில் துளையுள்ள தடுப்பு வைத்து ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். வெப்பம் 28 முதல் 30 டிகிரி. தட்டையான கல்லோ ஓடோ ஒன்று. பெண் முட்டைக்குத் தயாரானதும் தடுப்பை எடுத்துக் கண்காணிக்கவேண்டும். இல்லாவிட்டால் பெண்ணின் கதி அதோகதி. ஒரு தடவைக்குச் சில நூறு முட்டையிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். இன்னும் நாலைந்து நாளில் குஞ்சு நீந்தும், ஆர்டீமியா கொடுக்கலாம். இப்படி வருடத்துக்குப் பல தடவை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். எந்தக் குஞ்சுக்கு நெற்றி வரும் என்பது பல மாதம் கழித்தே தெரியும். அதுவரை எல்லாவற்றுக்கும் தீனி போடவேண்டும். வளர வளர ஒன்றையொன்று கடித்துக் குதறும், ஆகவே ஆளுக்கொரு தொட்டி. முழு வளர்ச்சியில் ஓரடி நீளம். நாலடிக்கு ஒன்றரை, ஒன்றரை தொட்டி என்றால் 9 கன அடி, சுமார் 255 லிட்டர். 500 குஞ்சு பிழைத்தால் 500 தொட்டியா வைப்பீர்கள்? வாடகை ஃப்ளாட்டில் ஒன்று வைக்கவே ஹவுஸ் ஓனர் முறைப்பார். ஆகவே நாணய அளவிலேயே விற்றுத் தள்ளவேண்டும். வாங்குகிறவர் லாட்டரிச் சீட்டு மாதிரி வாங்குகிறார். அவருக்கு நல்ல மீன் அமைந்தால் அவரும் ஜோடி சேர்ப்பார். இப்படி ஒவ்வொரு வாடிக்கையாளரும் அடுத்த வருடப் போட்டியாளர் ஆகிறார். ஆக, இந்த மீனைப் பிரபலமாக்கிய முரட்டுத்தனமே சரக்கைத் தேக்கி வைக்க விடாமல் விலையையும் உடைத்தது. சிங்கப்பூரில் சில வருடத்தில் பித்து தெளிந்தது, கடைகள் மூடின. வேண்டாத மீன்களை நீர்த்தேக்கங்களில் விட்டார்கள். யாரும் கேட்காத ஒரு முரட்டு விருந்தாளி அந்த நீரில் குடியேறியது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 'அதிர்ஷ்ட' மீன் ஆசிய அரோவானா. அது சிக்லிட் இல்லை. வயதுக்கு வர மூன்று நாலு வருடம். ஆண் வாயில் வைத்துக் காப்பது சில டஜன் குஞ்சுகள்தான். 1975-லிருந்து சர்வதேச வணிகத்தில் கடும் கட்டுப்பாடு வேறு. அதன் விலை நின்றது. 1637-ல் ஹாலந்தில் சரிந்த துலிப் கிழங்குகூட வருடத்துக்குச் சில கிழங்குகளாகத்தான் பெருகும். ஃப்ளவர்ஹார்ன் நூற்றுக்கணக்கில் பெருகும்போது அபூர்வம் எத்தனை நாள் அபூர்வமாக இருக்கும்?

நம் ஊருக்கும் இந்தப் பாடம் தெரியும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது எத்தனை குடும்பங்களின் சேமிப்பு போனது! அங்கேயும் குஞ்சை வாங்க, குஞ்சு வளர்க்க வந்த அடுத்தவரைத் தவிர ஆள் இல்லை.

கடன் மனுவோடு எதிரே உட்கார்ந்தவரிடம் கேட்பதைத்தான் உறவினரிடமும் கேட்டேன். கடைசியாக இதை வாங்கி, விற்காமல் வைத்துக்கொள்ளப் போகிறவர் யார்? ஒரு வருடத்தில் அப்படி எத்தனை பேர்? தங்கத்துக்கும் அரிசிக்கும் இதற்குப் பதில் உண்டு. மீன் குஞ்சுக்கு அவரால் நாலு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. பணம் இப்போது தபால் ஆபீஸ் முதியோர் திட்டத்தில் இருக்கிறது.

பி.கு.: மீன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்று வளர்க்கலாம். ஆளைத் தெரிந்துகொள்ளும், கையைக் கண்டால் சாப்பாட்டுக்கு ஓடிவரும், பத்து வருடம்கூட இருக்கும். மாற்றலாகி வேறு ஊர் போகும்போது இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள்.